இரண்டு வண்டிக் கணக்குக்கு முக்கோணம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் போன வாரம் வந்த தூரம், வேகம், நேரம் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கணக்கில் தப்பில்லை, விடையும் சரிதான். ஆனால் விடைக்குக் கீழே ‘எதிரெதிர் திசை என்றால் கூட்டவும், ஒரே திசை என்றால் கழிக்கவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எதைக் கூட்ட வேண்டும், ஏன் கூட்ட வேண்டும், எந்த நிமிடத்திலிருந்து கூட்ட வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. நான் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் நாலு மேசை போட்டு டியூஷன் எடுக்கிறவள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள், அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மா பள்ளிக் கேண்டீனிலோ கடையிலோ வேலை செய்கிறார். கணக்கில் சந்தேகம் என்றால் வீட்டில் கேட்க ஆள் கிடையாது. அவர்கள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இதைப் பொறுப்போடு எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் போட்டதைப் போலவே ஒரு கணக்கை நம்பரை மாற்றி அன்று மாலையே கொடுத்தேன். அ என்ற ஊருக்கும் ஆ என்ற ஊருக்கும் இடையே 180 கிலோமீட்டர். காலை 8 மணிக்கு அ ஊரிலிருந்து ஒரு கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 8.30 மணிக்கு ஆ ஊரிலிருந்து ஒரு லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருகிறது. எத்தனை மணிக்குச் சந்திக்கும்? ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஆறு பேர் 80ஐயும் 60ஐயும் கூட்டி, 180ஐ 140ஆல் வகுத்து, 1 மணி 17 நிமிடம், ஆகவே 9.17 என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை 8.30லிருந்து எண்ணி 9.47 என்று போட்டிருந்தாள். எப்படி வந்தது என்று கேட்டால், “எதிர் எதிர்னா கூட்டணும் டீச்சர், பேப்பர்ல போட்டிருக்கு” என்று ஒட்டிய நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அவள் மேல் என்ன குற்றம் சொல்வது, படித்ததைத்தானே செய்திருக்கிறாள்.

நம் மலேசிய இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவக் கணிதத்தில் மலாய் மொழியில் ‘லாஜு டான் பெச்சுதான்’, அதாவது வேகமும் முடுக்கமும், என்று ஒரு பாடமே இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் தூரம், வேகம், நேரம் என்று படித்தவன் அங்கே போனதும் ஜாராக், லாஜு, மாசா என்று மாற வேண்டும். அந்த மாற்றத்திலேயே பாதித் தெம்பு போய்விடுகிறது. அப்போது கைக்குச் சுலபமாகக் கிடைப்பது அந்த முக்கோணம்: மேலே ஜாராக், கீழே லாஜுவும் மாசாவும், வேண்டியதை விரலால் மூடினால் வாய்ப்பாடு வந்துவிடும். ஒரு வண்டி ஓடுகிற கணக்குக்கு அது போதும், நானும் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு வண்டி ஓட ஆரம்பித்ததும் முக்கோணத்தில் எந்த வண்டியின் வேகத்தைப் போடுவது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. அந்த இடத்தில்தான் ‘கூட்டு, கழி’ என்று மனப்பாடம் பண்ண வைத்துத் தள்ளிவிடுகிறோம்.

நான் அந்த ஏழு பேரிடமும் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். பேனாவைக் கீழே வை, காரில் ஏறி உட்கார். நீ காருக்குள் இருக்கிறாய், உனக்குக் கார் நகரவில்லை, உன் மடியில் இருக்கும் புத்தகம் அசையவில்லை. வெளியே இருப்பதெல்லாம்தான் உன்னை நோக்கி வருகிறது. சரி, 8 மணிக்கு லாரி எங்கே இருக்கிறது? 180 கிலோமீட்டருக்கு அப்பால், சும்மா நிற்கிறது. அது நின்றாலும் உனக்கு அது மணிக்கு 80 வேகத்தில் கிட்டே வருகிற மாதிரிதான் தெரியும். அரை மணியில் 40 கிலோமீட்டர் குறைந்துவிட்டது, மிச்சம் 140. இப்போது 8.30, லாரிக்காரர் கியரைப் போட்டுக் கிளம்புகிறார். இப்போது உன்னை நோக்கி எவ்வளவு வேகத்தில் வருகிறது? சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் 140 என்று கத்தினார்கள். 140 கிலோமீட்டர் தூரம், 140 வேகம், ஒரு மணி நேரம், ஆக 9.30. சரிபார்க்கவும் வைத்தேன்: கார் ஒன்றரை மணியில் 120, லாரி ஒரு மணியில் 60, இரண்டும் சேர்த்து 180. அந்தப் பிள்ளை தன் 9.47ஐ அடித்துவிட்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு கார் படம் போட்டாள், உள்ளே ஒரு தலை.

சார்பு வேகம் என்று புத்தகம் சொல்வது இவ்வளவுதான். நான் பிள்ளைகளிடம் ‘நெருங்கும் வேகம்’, ‘விலகும் வேகம்’ என்று சொல்கிறேன், அந்தப் பெயரிலேயே என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மணியில் எவ்வளவு குறைகிறது, அல்லது கூடுகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் கூட்டுவதா கழிப்பதா என்று யோசிக்கவே வேண்டாம், தானாக வந்துவிடும். இது நான் கண்டுபிடித்த வழி இல்லை, ரொம்பப் பழையது. கி.பி. 499இல் ஆரியபட்டர், படகில் முன்னே போகிறவனுக்குக் கரையில் நிற்கிறவை பின்னே போவது போலத் தெரிகிறதே, அது மாதிரிதான் அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகிறது என்று எழுதிவைத்தார். பூமி சுற்றுவதை விளங்கவைக்க அவர் எடுத்துக்கொண்டது பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு படகைத்தான்.

ஒரே திசைக் கணக்குக்கு என் வீட்டிலேயே ஆள் இருக்கிறான். என் சின்னவன் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறவன், தண்ணீர்ப் போத்தலை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம். அவன் போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் நான் பார்ப்பேன். மோட்டாரை எடுத்துக்கொண்டு துரத்த வேண்டும். அவன் மணிக்கு 12, நான் மணிக்கு 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் அவன் 2 கிலோமீட்டர் போயிருப்பான். இப்போது அவன் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தால், அம்மா 2 கிலோமீட்டர் தள்ளி மணிக்கு 24 வேகத்தில் வந்துகொண்டிருப்பாள். 36 ஏன் இல்லை? அவள் வர வர இவனும் மிதித்துக்கொண்டே போகிறானே. 2ஐ 24ஆல் வகுத்தால் ஐந்து நிமிடம். வீட்டிலிருந்து 3 கிலோமீட்டரில் பிடித்துவிடலாம், பள்ளி அதற்கு முன்னாலேயே வந்துவிட்டால் கேட்டில் கொடுத்துவிட்டு வரலாம். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும், அவரவர் வீட்டு ஆளை வைத்துப் போட்டுக்கொள்வார்கள்.

ரயில் கணக்குதான் எல்லோரையும் விழவைப்பது. எங்கள் ஊர் வழியாகப் போகும் தண்டவாளம் முன்பு ஒற்றைத் தடம், இரண்டு ரயில் எதிரெதிரே வந்தால் ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும், மற்றது கடக்கும். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை மின்சார இரட்டைத் தடம் 2014இல் முடிந்த பிறகுதான் இரண்டு ரயிலும் ஓட்டத்திலேயே ஒன்றையொன்று கடப்பதை எங்கள் பிள்ளைகள் பார்க்கிறார்கள். இ.டி.எஸ். என்கிற மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும். அப்படி இரண்டு எதிரெதிரே கடந்தால் நெருங்கும் வேகம் 280. சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ‘டப்’ என்று காற்று அடிக்கும், ஒரு வெள்ளைக் கோடு போகும், அவ்வளவுதான், யார் முகமும் தெரியாது. அதே சன்னலிலிருந்து பக்கத்துத் தடத்தில் நம்மோடு அதே திசையில் போகும் சரக்கு ரயிலைப் பார்த்தால் பெட்டி ஒவ்வொன்றாக மெதுவாகப் பின்னால் நழுவும், நம்பரைக்கூட வாசித்துவிடலாம். கூட்டலும் கழித்தலும் அந்தச் சன்னலிலேயே இருக்கிறது.

கணக்காகப் போட்டால் இப்படி. 150 மீட்டர் நீளப் பயணிகள் ரயில், மணிக்கு 108 கிலோமீட்டர். 450 மீட்டர் சரக்கு ரயில், மணிக்கு 72 கிலோமீட்டர். முதலில் நீளம் மீட்டரில் இருப்பதால் வேகத்தையும் வினாடிக்கு மீட்டராக மாற்ற வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 1000 மீட்டர், ஒரு மணிக்கு 3600 வினாடி, அதனால் 3.6ஆல் வகுத்தால் போதும்: 30, 20. எதிரெதிரே என்றால் 50, ஒரே திசை என்றால் 10. சரி, கடக்க எவ்வளவு நேரம்? இங்கேதான் ஒருவன் 450ஐ 50ஆல் வகுத்து 9 வினாடி என்பான், இன்னொருவன் 600ஐ 50ஆல் வகுத்து 12 வினாடி என்பான், ‘இரண்டு நீளத்தையும் கூட்டணும்’ என்று மனப்பாடம் பண்ணிய பிள்ளை மற்றவனைப் பார்த்து தப்பு என்பாள். இரண்டுமே சரியாக இருக்கலாம், கேள்வி எங்கே உட்காரச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். சன்னலில் உட்கார்ந்த ஒருவருக்கு முன்னால் சரக்கு ரயில் முழுதும் ஓடி முடிய 9 வினாடி. ஒரு ரயிலின் மூக்கு மற்றதன் மூக்கைத் தொட்டதிலிருந்து வால் வாலை விட்டு விலகும் வரை என்றால் 12 வினாடி. ஒரே திசையில் பின்னாலிருந்து வந்து முழுதாக முந்த வேண்டும் என்றால் 600ஐ 10ஆல் வகுக்க, முழுசாக ஒரு நிமிடம். 12 வினாடியும் 60 வினாடியும்! நோட்டில் பேனா மூடியையும் பென்சிலையும் வைத்து நகர்த்திக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொரு கணக்கு சொல்ல வேண்டும், இதை நான் எப்போதும் கடைசியாகத்தான் எடுப்பேன். பக்கத்தில் கோலா கங்சாரில் பேராக் ஆறு ஓடுகிறது, பிள்ளைகள் எல்லோரும் பார்த்தது. ஒருவர் ஓட்டத்துக்கு எதிராகப் படகு வலித்துப் போகிறார், போகும்போது போத்தல் தண்ணீரில் விழுந்துவிட்டது, அவர் கவனிக்கவில்லை. 15 நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார், வலிக்கும் வேகம் அதே. போத்தலைப் பிடிக்க எத்தனை நிமிடம் ஆகும்? “ஆற்று வேகம் சொல்லலையே டீச்சர்” என்பார்கள். சரி, வேண்டுமென்றால் ஆற்றின் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர், படகு அசையாத தண்ணீரில் மணிக்கு 6 என்று வைத்துக்கொள். எதிரே போகும்போது 4, அதனால் 15 நிமிடத்தில் 1 கிலோமீட்டர் மேலே. போத்தல் அரைக் கிலோமீட்டர் கீழே. இடைவெளி ஒன்றரைக் கிலோமீட்டர். திரும்பி வரும்போது படகு 8, போத்தல் 2, நெருங்கும் வேகம் 6, ஆக 15 நிமிடம். அப்புறம் ஆற்று வேகத்தை 3 என்று மாற்றிப் போடச் சொல்வேன், 1 என்று போடச் சொல்வேன், ஒவ்வொரு தடவையும் 15 வரும், முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது. இப்போது போத்தல் மேல் ஏறி உட்கார் என்பேன். போத்தலும் தண்ணீரும் சேர்ந்தே போகிறது, அதில் உட்கார்ந்தவனுக்கு ஆறு குளம் மாதிரி அசையாமல் கிடக்கிறது. படகு உன்னை விட்டு 15 நிமிடம் போனது, அதே வேகத்தில் உன்னிடம் திரும்பி வருகிறது. 15 நிமிடம் இல்லாமல் வேறு எவ்வளவு ஆகும்? எதன் மேல் உட்காருகிறோம் என்பதில் கணக்கே காணாமல் போய்விடும் என்று பிள்ளைகளுக்குத் தெரிகிற நாள் அதுதான்.

ஆனால் ஒன்று, அதே ஆற்றில் கோலா கங்சாரிலிருந்து அக்கரை சாயோங்குக்குக் குறுக்கே போகிற படகுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் ஒத்துவராது. அதற்கு மேல் வகுப்பில் திசையையும் சேர்த்துப் போட வேண்டும். ஒரே கோட்டில் ஓடுகிறவர்களுக்குத்தான் இது என்பதையும் உங்கள் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இவ்வளவு தூரம் நான் இதற்காக எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் குலை லாரி ஓட்டுகிறவர். ஈப்போவிலிருந்து எங்கள் ஊர் வழியாகக் கோலா கங்சார் போகும் கூட்டரசு சாலையில் தினமும் போகிறார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் லாரியை முந்திக்கொண்டு போகும் பையன்களைப் பற்றி வீட்டுக்கு வந்து சொல்லாத நாள் இல்லை. சில நாள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார், சாப்பிட மாட்டார். அவர் சொன்ன அளவுகளை வைத்துத்தான் ஒரு நாள் படிவம் ஐந்து பையன்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டேன். லாரி மணிக்கு 70, நீ மோட்டாரில் மணிக்கு 90, கூட்டரசு சாலையில் பொதுவாக அதுதான் உச்ச வரம்பு. லாரிக்குப் பின்னால் 20 மீட்டரில் வெளியே எடுக்கிறாய், லாரி நீளம் 12 மீட்டர், முன்னால் 18 மீட்டர் விட்டு உள்ளே வருகிறாய். மொத்தம் 50 மீட்டர். லாரியின் மேல் உட்கார்ந்து பார், நீ மணிக்கு 20 வேகத்தில்தான் தாண்டுகிறாய், சைக்கிள் மாதிரி. வினாடிக்கு ஐந்தரை மீட்டர் சுமார். 9 வினாடி ஆகும்.

அந்த 9 வினாடியும் நீ எதிர்த் தடத்தில் இருக்கிறாய். சாலையில் நீ ஓடுவது வினாடிக்கு 25 மீட்டர், ஆக 225 மீட்டர் போய்விடுவாய். எதிரே வருகிற காரும் 90இல் வந்தால் அதுவும் 225. கூட்டினால் 450 மீட்டர். அவ்வளவு தூரம் காலியாகக் கண்ணுக்குத் தெரிந்தால்தான் உயிரோடு உள்ளே வரலாம், அதுவும் ஓர் அங்குலம் மிச்சம் இல்லாமல். லாரிக்காரர் இறக்கத்தில் 80க்கு வந்துவிட்டால் உன் வேகம் அவருக்கு வெறும் 10, நேரம் 18 வினாடி, காலியாக வேண்டிய தூரம் 900 மீட்டர். லாரியின் வேகம் பத்துதான் கூடியது, தூரம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அந்தச் சாலையில் எங்கே 900 மீட்டர் நேராகத் தெரிகிறது என்று கேட்டேன். ஒரு பையன் விரலை மடக்கி மடக்கி யோசித்துவிட்டு, “ரெண்டு இடம்தான் டீச்சர் எனக்குத் தெரிஞ்சு” என்றான். அப்புறம் யாரும் பேசவில்லை. ஒரே கணக்கில் முந்துவதற்குக் கழித்தோம், எதிரே வருவதற்குக் கூட்டினோம், இரண்டையும் ஏன் செய்கிறோம் என்று தெரியாதவன் அந்தச் சாலையில் மோட்டார் ஓட்டக்கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

ஐயா, என் வேண்டுகோள் பெரிதில்லை. இனி இரண்டு வண்டிக் கணக்கு போடும்போது விடைக்கு மேலே ஒரு கோடு போட்டு, 8 மணிக்கு யார் எங்கே, 8.30க்கு யார் எங்கே என்று இரண்டு படம் போடுங்கள். ‘நாம் உட்கார்ந்திருப்பது காரில்’ என்று ஒரு வரி எழுதுங்கள், இடைவெளி எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று எழுதுங்கள். லாஜு, ஜாராக், மாசா என்ற சொற்களையும் பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் கொடுத்தால் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் உதவும். இடம் பற்றாது என்றால் வாரத்துக்கு ஐந்து கணக்குக்குப் பதில் இரண்டு போதும், நான் பெற்றோர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். பழைய கூட்டு-கழி வரியை மட்டும் அப்படியே மறுபடி போடாதீர்கள், அந்த நோட்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

அடுத்த வாரத்துக்கு ஒரு கணக்கும் அனுப்புகிறேன், பிடித்தால் போடுங்கள். தோட்டத்துச் சாலையில் அக்காவும் தம்பியும் 600 மீட்டர் தள்ளி நின்று, ஒருவரை நோக்கி ஒருவர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடந்து வருகிறார்கள். அக்காவிடமிருந்து அவர்கள் நாய் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் தம்பியிடம் ஓடுகிறது, அவனைத் தொட்டதும் திரும்பி அக்காவிடம், மறுபடி தம்பியிடம், இருவரும் சந்திக்கும் வரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாய் மொத்தம் எவ்வளவு தூரம் ஓடியது? விடையைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், அதைத் தயவுசெய்து ஒரு வாரம் கழித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.